உள்மூச்சில் ஓர் ஆம்

சாய இயந்திரம் பூட்டிக் கொடுக்க
மூன்று மாதம் ஹவாசாவுக்கு அனுப்பினார்கள்.
பெட்டியில் இரண்டு கிலோ புளி, ஒரு சின்ன குக்கர்,
ஆங்கிலம் போதும் என்ற தைரியம்.

"நாளை இரண்டு மணிக்குக் கூட்டம்" என்றார்
கணக்குப் பிரிவு லமிசோ.
இரண்டுக்குப் போனேன்,
ஐந்து நிமிடம் முன்னதாகவே.
காலையிலேயே கூடி
எனக்காகக் காத்து
எழுந்து போயிருந்தார்கள்.
எனக்கென்று ஊற்றிய காப்பி
ஆறி, கோப்பையில் வளையம் கட்டிக் கிடந்தது.

இந்த ஊரில் விடிந்தபின்தான் மணி பிறக்கிறது.
சூரியன் வந்து இரண்டு மணி நேரம் ஆனால்
மணி இரண்டு.
இதென்ன கூத்து என்று சிரித்தேன்.
இரவில் தூக்கம் வராமல் புரண்டபோது
என் ஜாதகத்தின் வரி ஒன்று வந்து உட்கார்ந்தது:
உதயாதி நாழிகை பதினேழே கால்.
பெண் பார்க்க வந்த அத்தனை பேரும் வாசித்த வரி.
ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை,
நானும்.

அதன்பின் யார் மணி சொன்னாலும்
தலைக்குள் ஆறைக் கூட்டிக்கொண்டே நடந்தேன்.
கூட்டுவதா கழிப்பதா என்று நடுவழியில் குழம்பி நிற்பேன்.
"எதைச் செய்தாலும் முள் ஒரே இடத்தில்தானே நிற்கும்"
என்றாள் வொர்க்னெஷ்.
கணக்கில் நூறு வாங்கியவள் நான்.

வொர்க்னெஷ் எனக்குப் பக்கத்துத் தொட்டி.
உப்பு போட்டாயா என்றால்
தேளை மிதித்தவள்போல்
வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுப்பாள்: ஹ்!
முதல் நாள் ஓடிப்போய் நீராவி வால்வை மூடினேன்.
நூற்றைம்பது கிலோ துணி
திட்டுத் திட்டாய் வெளுத்துப்போனது.
"ஏன் மூடினீர்கள்?"
"நீ ஏன் பயந்தாய்?"
"நான் ஆம் என்றேன்."

ஆம் என்பது இங்கே
சில வாய்களில்
உள்ளே போகும் காற்று.
சொல்லி வெளியே விடுவதில்லை,
வாங்கிக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம்.
ஒரே தட்டு, ஐந்து பேர்.
நடுவில் விரித்த இஞ்சேரா
(தோசை என்று மட்டும் சொல்லாதே
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்),
மேலே குவித்த பருப்பு, கீரை.
வெள்ளிக்கிழமை, அவளுக்கும் விரதம்.
அந்த ஒரு கிழமையில் மட்டும்
எங்கள் இருவர் நாட்காட்டியும் கை குலுக்கின.

என் பங்கை ஓரமாக ஒதுக்கி
ஒரு கோடு கிழித்ததுபோல் தின்றேன்.
பாட்டிலை உதடு படாமல் அண்ணாந்து குடித்தேன்.
அவர்கள் பார்த்தார்கள்,
எனக்குத் தொண்டை நோவு என்று நினைத்தார்கள்.
எச்சில் என்ற சொல்லை எப்படி விளக்குவது?
துப்பல் என்றேன். முகம் சுளித்தார்கள்.
அது இல்லை, அது வேறு.
வேறு என்ன?
தெரியவில்லை.

அன்றுதான் வொர்க்னெஷ்
ஒரு கவளம் உருட்டி
என் வாய்க்கு நேரே நீட்டினாள்.
கட்டியவனுக்குக்கூட நான் ஊட்டியதில்லை,
கல்யாணத்தன்று புகைப்படக்காரர் கேட்டதற்கு
ஒரு பாதி லட்டு, அவ்வளவே.
கை நீண்டபடி இருந்தது.
மேசை முழுக்கப் பேச்சு நின்றது.
அவள் நக ஓரத்தில்
காலைத் தொகுதியின் மயில்நீலம்,
எவ்வளவு கழுவினாலும் போகாதது.
என் நகத்திலும் அதுவே.
வாயைத் திறந்தேன்.

காரம். புளிப்பு. கொஞ்சம் சோப்பு.
விழுங்கும் முன் இன்னொன்று.
ஒன்றோடு நிறுத்தினால் சண்டை வருமாம்.
மூன்றாவதை நான் உருட்டினேன்.
பழக்கமில்லாத கை,
பாதி அவள் மடியில் சிந்தியது.

அது பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன்.
அடுத்த வெள்ளியும் உடம்பு ஒரு கணம் பின்வாங்கியது.
அதற்கடுத்த வெள்ளி,
கொஞ்சம் குறைவாக.

இரவு பத்துக்கு, அதாவது நான்குக்கு,
ஊரிலிருந்து அவர் அழைத்தார்.
"சாப்பிட்டாயா?"

ஹ்.

"ஐயோ, என்னாச்சு? ஏய், லைனில் இருக்கிறாயா?"