முட்டைக்காரன்

தாப்லேஜுங் கடைத்தெருவில் எண்ணித் தந்தார்கள்.
ஆறு அட்டை, அட்டைக்கு முப்பது.
உடைந்தால் ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய்
கூலியில் பிடித்தம்.
சமையற்காரர் லால்ஹாங் சொன்னார்:
"அரிசி தூக்குகிறவன் விழலாம்.
மண்ணெண்ணெய்க்காரன்கூட ஒருமுறை விழலாம்.
நீ விழக்கூடாது."

அன்றோடு என் பெயர் போயிற்று.
சாயங்காலம் கூடாரத்திலிருந்து குரல் வரும்:
முட்டை வந்துவிட்டதா?

தும்மல் வந்தால் நிற்பேன்.
கைத்தடியைக் கூடைக்கு முட்டுக்கொடுப்பேன்.
பிறகுதான் தும்முவேன்.
அம்ஜிலோசா ஏற்றத்தில் எதிரே கோவேறு கழுதைகள்.
மலைப்பக்கம் ஒதுங்கு, ஆற்றுப்பக்கம் ஒதுங்காதே.
எனக்குத் தெரிந்ததுதான்,
முட்டைகளுக்காக உரக்கச் சொல்லிக்கொண்டேன்.

குன்சாவில் இரண்டு நாள் நிறுத்தினார்கள்,
விருந்தாளிகளின் உடம்பு உயரத்துக்குப் பழகட்டுமென்று.
என் உடம்பைப் பற்றிப் பேச்சில்லை.
நான் ஏலக்காய்த் தோட்டத்துக்காரன்,
இந்தக் காற்று எனக்கும் புதிது,
எனக்கும் தலை இடித்தது.
சும்மா கிடந்ததில் அதுவும் பழகிக்கொண்டது.

ஊருக்குப் போனால் கேட்பார்கள்: மலை எப்படி?
நெற்றிவாரில் கழுத்து குனிந்தவனுக்கு
மலை மூன்றடி நீளம்.
முன்னால் போகிறவனின் குதிகால்,
கொஞ்சம் சாணி,
ஒரு கல், அடுத்த கல்.

லோனாக்கில் ஐம்பது முட்டை மிச்சம்.
அன்றிரவு மெட்காவுக்குக் காலணிக் கயிறு கட்ட வரவில்லை.
விரல்களைப் பார்த்துச் சிரித்தாள்,
அவை வேறு யாருடையவையோ என்பதுபோல.
வழிகாட்டி ஒரு கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டு
இதன்மேல் நட என்றார்.
மூன்றாவது அடியில் அவள் கயிற்றை விட்டுப் போனாள்.
விடியும்வரை காத்திருக்க முடியாது,
இறக்கியாக வேண்டும் என்றார்.

யார் தூக்குவது?
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
ஒன்பது நாள் விழாதவன்.

முட்டைகளைப் பாறைக்கடியில் வைத்தேன்.
குக்ரியால் கூடையின் ஒரு பக்கத்தை வெட்டி
அவளை உட்காரவைத்தோம், முதுகோடு முதுகாக.
அறுபது கிலோ இருப்பாள்.
முட்டை பேசாது. அவள் பேசினாள்,
தன் மொழியில், வழி நெடுக,
யாருக்கோ பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித் தருகிற தொனியில்.
நடுவில் நிறுத்தினாள்.
நான் கூடையை உலுக்கினேன்.
மறுபடி தொடங்கினாள்.

வெயிலில் கல் உதிர்க்கும் சரிவு
குளிரில் இறுகிக் கிடந்தது.
அந்த இரவு செய்த ஒரே உபகாரம்.

காம்பாசெனில் பொழுது புலர்ந்தபோது
சேத்தேன் டோல்கர் கதவைத் திறந்து
கேள்வி கேட்காமல் அடுப்பை ஊதினாள்.
அவளுக்கு வெண்ணெய்த் தேநீர், எனக்குக் கேழ்வரகுக் கள்.
ஒன்பது மணி வாக்கில் மெட்கா கண் விழித்து
கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
தப்பான நேபாளியில் கேட்டாள்:
"இன்றைக்கு ஆம்லெட் இல்லையா?"

மறுநாள் முட்டைகளுக்காகத் திரும்ப ஏறினேன்.
பக்கம் இல்லாத கூடை, காற்றுபோல் எடை.
கழுத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை,
தானாக நிமிர்ந்தது.
எதிரே நின்றது.
எங்கள் லிம்பு மொழியில் அதற்குப் பேர்
தோள் உள்ள மலை.
பேரைச் சிறுவயதிலிருந்து சொல்லியிருக்கிறேன்,
தோளை அன்றுதான் பார்த்தேன்.
ஏறிக்கொள்ள யாரையும் விடாத தோள்.
எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பாறைக்கடியில் காகங்கள் முந்திவிட்டிருந்தன.
சிலதைக் குளிர் பிளந்திருந்தது.
முழுசாக இருபத்துமூன்று.

லால்ஹாங் நோட்டை விரித்தார்.
சேதம்: இருபத்தேழு.
பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம்.
பென்சிலை நாக்கில் தொட்டு, 'பெண்' என்று எழுதினார்.
அடித்தார். 'காகம்' என்று எழுதினார்.
அதையும் அடித்தார்.
கட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது.

"போய் வெங்காயம் உரி" என்றார்.