பிரட்டுக்களத்தில் ஓர் எட்டு

போன மாதம் வரைக்கும்
நுவரெலியாவிலிருந்து ஒருவர் வருவார்.
வேனை விட்டு இறங்கும்போதே கடிகாரம் பார்ப்பார்.
சப்பாத்தில் சேறு படாத இடமாய்த் தேடி நின்று
நாற்பது பேரின் நாற்பது எட்டுகளையும்
பகல் சாப்பாட்டுக்கு முன் பார்த்து முடிப்பார்.
கால் தரையில் பட்டதா, இல்லையா.
அவ்வளவுதான் கேள்வி.
மழை பெய்தால் பரீட்சை இல்லை.
லிந்துலைப் பக்கத்தில்
மழை இல்லாத நாளில் யார் விழுகிறார்கள்?

இந்த மாதம் முத்திரை என்னிடம்.
பழக்குகிறவனே பார்க்கலாம் என்று
கடிதம் வந்துவிட்டது, மூன்று மொழியிலும்.
முத்திரைக்கு ஒரு சின்னப் பெட்டி,
பெட்டிக்கு ஒரு பூட்டு,
பூட்டுக்கு இரண்டு திறப்பு.
ஒன்றை மனைவியிடம் கொடுத்தேன்.
பிறகு யோசித்து
வாங்கிக்கொண்டேன்.

கொழுந்து நிறுக்காத ஞாயிற்றுக்கிழமை
பிரட்டுக்களம் எனக்கு.
சுண்ணாம்பால் எட்டுப் போட்டேன்.
தூறல் ஒரு வட்டத்தைத் தின்றுவிட்டது.
மறுபடி போட்டேன்.
லயத்து வாசல்களில் பிளேன்டீயோடு ஆட்கள்,
கிரிக்கெட் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

முதலில் புகழ்வேந்தன்.
பதினாறு நாள் என்னிடம் பழகியவன்.
ஒன்றாம் தேதி ஹட்டனில் பார்சல் கம்பனி வேலை,
லைசன் இருந்தால்.
கோட்டின் மேல் நூல் கோத்தது போலப் போனான்.
கால் படவில்லை.
கழுத்தும் திரும்பவில்லை.
அதுதான் எனக்கு உறுத்தியது.

"இப்ப ரோட்டுக்கு வா" என்றேன்.
பழைய பரீட்சையில் ரோடே கிடையாது.
இறக்கத்தில், தகரக் கோயில் வளைவில்,
பனி தேயிலைக்கு மேலால் இறங்கிக்கொண்டிருந்தது.
அவன் ஹோர்ன் அடிக்கவில்லை.
கொழுந்து லொறி வராத நேரம் என்று அவனுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
லொறிக்குத்தான் தெரியாமல் போகும்
ஏதாவது ஒரு நாள்.

அடுத்தது ரிஸ்மினா.
பாலர் பாடசாலை டீச்சர்,
அண்ணன் விட்டுப்போன பழைய ஸ்கூட்டி.
எட்டின் இடுப்பில் தடுமாறி
வலது கால் தரையில் பட்டது.
ஒரு தட்டு. சப்பாத்து நுனி.
சுண்ணாம்பில் அரைநிலாவாய் ஒரு தடம்.
ரோட்டிலோ
வளைவுக்கு முன்னமே பிரேக்கைத் தடவித் தடவி,
ஹோர்ன் அடித்து, காது கொடுத்து,
விறகுக் கட்டோடு ஏறி வந்த ஒருத்திக்குத்
தார் முழுவதையும் விட்டுக்கொடுத்து
நின்றாள்.
நின்றதற்குப் புள்ளி போடப்
படிவத்தில் கட்டம் இல்லை.

பழக்கியவனுக்குத்தான் தெரியும் என்கிறார்கள்.
தெரியும்.
எவள் இருட்டில் தனியாய் எட்டுப் போட்டுப் பார்த்தாள்,
எவன் நான் பார்க்கும்போது மட்டும் சிக்னல் போடுவான்,
யாருடைய வீட்டில் எந்த நகை அடகில் இருக்கிறது,
எல்லாம் தெரியும்.
நுவரெலியாக்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை.
அவருக்கு அவை நாற்பது ஹெல்மட்.

இரண்டாம் முறை கொடுக்கலாம் என்று
பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது.
அவளுக்காகத்தான் அந்தப் பக்கத்தைத் தேடினேன் என்பது
எந்தப் பக்கத்திலும் இல்லை.
இரண்டாம் முறை கால் படவில்லை.
முத்திரை குத்தும்போது
என் கை கொஞ்சம் சறுக்கி
சிங்கத்துக்கு இரண்டு வால் விழுந்தது.

புகழ்வேந்தனின் தாளில்
வெறும் கையெழுத்து மட்டும்.

அவன் கோபப்படவில்லை.
தாளை நாலாய் மடித்தான்.
"அண்ணே, திரும்பப் பழக எவ்வளவு?"

பகிடிக்குக் கேட்கவில்லை.
கை ஏற்கெனவே பர்சுக்குப் போயிருந்தது.
லயத்து வாசலில் யாரோ சிரித்தார்கள்.
பாஸ் போட்டால் காசு வாங்கிவிட்டான்,
பெயில் போட்டால் காசுக்குத்தான் போட்டான்.
சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

பெட்டியைப் பூட்டினேன்.
"வளைவு வரைக்கும் நடந்து வா."
நடந்தோம்.
ஹெல்மட் அவன் முழங்கையில் ஆடிக்கொண்டு வந்தது.
பனிக்குள் நின்றபோது
சொல்ல வைத்திருந்த எதையும் நான் சொல்லவில்லை.
கீழே எங்கோ ஒரு எஞ்சின்.
வருகிறதா, போகிறதா,
இருவருக்குமே தெரியவில்லை.