ஐந்து மதிப்பெண் வினா

அத்திப்பட்டு தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது.
மடியில் விடைத்தாள் கட்டு.
ஜன்னல் கம்பியில் தொட்டால் ஒட்டும் சாம்பல்.

பொதுவள மேலாண்மை: விளக்குக.
எல்லோரும் என் குறிப்பையே
எனக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள்,
என் எழுத்துப்பிழை உட்பட.

நெட்டுக்குப்பம் மோனிஷா மட்டும்
"பாடு" என்று தொடங்குகிறாள்.
கழிமுகத்தில் இன்றைக்கு யார் வலை
எந்த நீரில் என்று
ஊர் கூடி முறை வைப்பது.
மாமாவுக்கு எட்டு நாளைக்கு ஒரு பாடு.
போன பாடு, இறால் ஒரு கூடை.
இந்தப் பாடு, வலை முழுக்கச் சாம்பல் சேறு.
இடைப்பட்ட நாளில்
கம்பெனி வாசலில் மூட்டை தூக்குகிறார்.

அவ்வளவுதான். மீதிப் பக்கம் வெள்ளை.

விடைக்குறிப்பில் இந்தச் சொல் இல்லை.
நாலரை போட்டேன்.
அந்த அரையை எதற்குப் பிடித்துக்கொண்டேன்?
மீஞ்சூர் வந்தும் தெரியவில்லை.