வினையாலணையும் பெயர்

கோத்தகிரியில், டீத்தூள் மொத்தக் கடைக்கு மேல்மாடியில்
ஒரு மேசை, ஒரு ஹீட்டர், நாற்பத்தோரு வண்டிகள்.
வண்டிகள் திரையில் மட்டும்.
பச்சை இலை ஏற்றும் பிக்கப்புகளை
நான் ஒரு மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
அந்த மொழியில் பொய் சொல்ல முடியாது என்கிறார்கள்.
அது பொய்.

அதில் யாருக்கும் பெயர் கிடையாது.
"முத்துலிங்கம், கேர்பெட்டாவுக்குப் போ" என்றால்
ஏற்றுக்கொள்ளாது.
"ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்,
முந்நூறு கிலோவுக்கு இடம் உள்ளவர்
கேட்டுக்கொள்க" என்று
காற்றில் வீசிவிட வேண்டும்.
பொருந்துபவர் கேட்பார்.
பொருந்தாதவருக்கு அது சத்தம்கூட இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் இலக்கணத் தாளில்
எனக்குப் பதினெட்டு மதிப்பெண்.
இருபது வருடம் கழித்து இங்கே வந்து பிடிபடுகிறது:
ஓடுபவன், நிற்பவன், சுமப்பவள்.
செய்வதுதான் பெயர்.

நிறுத்தி, எடைபோட்டு, ஏற்றி, இறங்கி,
ஃபாக்டரியில் கொட்டி, மறுபடி ஏறி, நிறுத்தி
ஒவ்வொரு வண்டியும் இப்படி
எச்சங்களாலான ஒரு வட்டம்.
முற்று வரக்கூடாது.
வந்தால் என் மொழியில் அதற்குப் பேர் முடக்கம்;
சிவப்பில் எரியும்.

நாற்பத்தொன்றையும் தனித்தனியே ஓடவிட்டால்
கணினிக்கு மூச்சு வாங்குகிறது.
அதற்கொரு வழி இருக்கிறது: வண்டிகளைக் கரைத்துவிடுவது.
கூட்டம் பெருத்தால் தண்ணீர்போல ஒழுகும்,
ஒரு சமன்பாடு போதும்.
கட்டபெட்டில் இந்நேரம்
மூன்றே முக்கால் வண்டி நிற்கிறது என்று காட்டும்.
முக்கால் வண்டியை யாரு ஓட்டுறது, என்று கேட்டார்
டீ வாங்கிக்கொண்டு மேலே வந்த போஜன்.
பதினேழாம் வண்டி அவருடையது.
சிரித்தோம்.
அப்புறம் நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை.
மதியத்திலிருந்து மழை.
கட்டபெட்டு வளைவில் ஒரு கற்பூரமரம்
வேரோடு ரோட்டில் படுத்துக்கொண்டது.
மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். வழி திறக்க ஒன்பது மணி நேரம்.
ஒன்பது மணி நேரம் வலைப்பையில் அமுங்கிக் கிடந்தால்
இலை உள்ளுக்குள்ளேயே கொதித்துச் சிவந்துவிடும்.
இழப்பு: நாலாயிரம் கிலோ.
எழுதிவைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்குப் பார்க்கப் போனேன்.

வண்டிகள் வரிசையாக, காலியாக.
முத்துலிங்கம் மட்டும் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி
சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.
இலை எங்கே?
மகளிர் குழுக் கட்டடத்தில்,
ரேஷன் கடைத் தாழ்வாரத்தில்,
கல்யாண மண்டபத்தில் மணமக்கள் நாற்காலி வரை,
விரலளவு கனத்தில் பச்சை.
குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள் எல்லோரும்.
யார் சொன்னது என்றேன்.
யாரும் சொல்லவில்லை.
எவளோ ஒருத்தி பைக்குள் கை விட்டிருக்கிறாள். சூடு.
பக்கத்துப் பையில் விட்டவளுக்கும் சூடு.
அவ்வளவுதான் செய்தி.
மாதியா, செவனம்மாளா,
ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

விடியுமுன் மேசைக்குத் திரும்பி ஒரு வரி சேர்த்தேன்.
முதலில் 'கைவிட்டவள்' என்று எழுதி,
அது வேறு ஒருத்தி ஆகிவிடுவதால் அடித்து,
'தொட்டுப் பார்த்தவள்'.
பண்பு: ஈர உள்ளங்கை.
வீதம்: தெரியவில்லை.
வீதம் இல்லாமல் ஓடாது.
குத்துமதிப்பாக ஓர் எண் கொடுத்தேன், ஓடியது.
நாலாயிரம் அறுநூறுக்கு இறங்கியது.
(பொய் சொல்லலாம் என்றேனே.)

சனிக்கிழமை ஃபாக்டரியில்
கிலோவுக்கு இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.
இலையில் பன்னீர் வாடையாம்.
மண்டபத்தில் புதன்கிழமை கல்யாணம் நடந்திருக்கிறது.
புதன்கிழமையை என் மாதிரியில்
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஜன்னலுக்குக் கீழே
பதினேழாம் வண்டி இருமி, புகை கக்கி,
ஒரு காட்டெருமைக்கு வழிவிட்டு,
கோடநாடு ரோட்டில் திரும்பி,