வெள்ளைப்பலகைப் பேனா

டிசம்பரில் வீடு மாறாதே என்றார்கள்.
சாவியை ஒப்படைக்க வீவக தந்த தேதி
மழையைக் கேட்டுக் குறித்ததல்ல.

அங் மோ கியோ. பதினோராவது மாடி.
இரண்டு லாரி, இரண்டு முகவரி.
மெத்தைக்கு இரண்டு சுற்று,
தொலைக்காட்சிக்கு ஐந்து என்று
ஷஹிதுல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டே வந்தார்.
"அக்கா, அரிசி?"
அரிசி வாளிக்கும் சுற்று.
குளிர்பெட்டியைச் சுற்றும்போது
கதவில் ஒட்டியிருந்த மகளின் கால அட்டவணையும்
உள்ளே மாட்டிக்கொண்டது.
புதன், மூன்று மணி, கணிதத் துணைப்பாடம்.

நான் கவனமாகத்தான் இருந்தேன்.
திருமணச் சான்றிதழ்,
அதை முடித்துவைத்த தீர்ப்பு,
இரண்டும் ஒரே ஜிப் பையில்,
காற்றை அழுத்தி வெளியேற்றி, என் கைப்பைக்குள்.
புத்தகப் பெட்டிகளுக்கு உள்ளே குப்பைப் பை.
மிக்ஸியின் மோட்டாருக்குப் பழைய துண்டு.
பெட்டிதோறும் எழுத்துப் போட்டேன்:
என்னுடையதில் மா,
செழியனுடையதில் செ.
நாற்பத்து மூன்று பெட்டி.
சண்டையில்லாமல் பிரித்ததில்
இருவருக்கும் கொஞ்சம் பெருமைகூட.

மூன்று மணிக்கு இடியுடன் மழை என்றது கைப்பேசி.
பத்தரைக்கே வந்துவிட்டது.

கூரை போட்ட நடைபாதை
லாரி நிற்குமிடத்துக்கு முப்பது அடி முன்பே
முடிந்துவிடுகிறது.
வரைபடத்தில் யாரோ கோட்டை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.
நீலத் தார்ப்பாயை நான்கு பேர் உயர்த்திப் பிடிக்க
அடியில் சோபா போனது,
உற்சவ மூர்த்தி மாதிரி.
மூன்றாவது ஆள் நான்.
நான்காவது செழியன்.
ஒரே எட்டில் நடக்க வேண்டும்,
தவறினால் மேலே தேங்கிய நீர்
யார் கழுத்திலாவது கொட்டும்.
கொட்டியது. அவன் கழுத்தில்.
சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் பெட்டிகளைப் பார்த்தேன்.
அழியாத மை என்று நம்பி
மகளின் பள்ளிப்பையிலிருந்து நான் எடுத்தது
வெள்ளைப்பலகைப் பேனா.
ஒரு துடைப்பில் போவதற்கென்றே செய்தது.
மா-வும் செ-வும் வழிந்து
ஒரே சாம்பல் கோடாகி
வடிகாலில் இறங்கிக்கொண்டிருந்தன.

லாரிக்காரர் திரு. டான் கைக்கடிகாரத்தைத் தட்டினார்:
பன்னிரண்டுக்கு மேல் மணிக்கு எண்பது வெள்ளி.
பிரித்துப் பார்க்க நேரமில்லை.
தூக்கிப் பார்த்துச் சொன்னோம்.
கனக்கிறதா, உன்னுடையது.
கலகலக்கிறதா, என்னுடையது.
கடைசிப் பத்துக்கு அதுவும் சொல்லவில்லை.
எந்த லாரி பக்கத்தில் நின்றதோ, அதில்.

செங்காங்கில் இரவு ஒன்பது.
நாளிதழ் விரித்து, மின்விசிறியை ஐந்தில் வைத்து,
நனைந்த பெட்டிகளை முதலில் பிரித்தோம்
நானும் நறுமுகையும்.
ஈரத்தை மூடி வைத்தால்
இந்த ஊரில் இரண்டே நாளில் பூஞ்சை.
முதல் பெட்டியில் அவன் பூப்பந்து மட்டைகள்.
அடுத்ததில் முகச்சவர நுரை, பாதி தீர்ந்தது.
அதற்கடுத்ததில் அவன் வருமானவரிக் கோப்பு,
ஒரு தாளும் நனையாமல்.
நான் போட்ட குப்பைப் பை.
"நல்லா பேக் பண்ணிருக்கீங்கம்மா" என்றாள் நறுமுகை.

பதினொன்றுக்கு ஈசூனிலிருந்து ஒரு படம் வந்தது.
அறிமுகமில்லாத சமையல்மேடை,
அதன் மேல் என் தோசைக்கல்.
"உன்னுடையது இங்கே. துடைத்துவிட்டேன்."

பன்னிரண்டு வருடம் பழக்கிய கல்.
என்னென்னவோ தட்டினேன், அழித்தேன்.
கடைசியில் அனுப்பியது:
துடைத்தால் போதாது.
அடுப்பில் வைத்துச் சூடாக்கு.
ஆறியதும் நல்லெண்ணெய் தடவி
தாளில் சுற்றி வை.

இரண்டு நீலக் குறி.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு:
"நல்லெண்ணெய் எந்தப் பெட்டியில்?"

என் காலருகில்தான் இருந்தது,
மூன்று சுற்று பிளாஸ்டிக்கில்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.