ஒன்பதாம் நாள், இரண்டாம் குளம்

சீனக்குடாவில் கறண்ட் போய் நாற்பது நிமிசம்.
ஐஸ் பெட்டியைத் திறக்காதே என்கிறாள் ரிஸ்மியா.
திறக்கவில்லை. மூடிமேல் கை வைத்து நிற்கிறேன்.
பாரையும் சூரையும் கரையேறும் ஊரில்
குளத்துக் கெண்டைக்கு
இப்படி யாரும் காவல் நின்றிருக்கமாட்டார்கள்.

தம்பலகாமத்தில் தெய்வேந்திரத்தாருக்கு இரண்டு குளம்.
ஒன்றுக்குத் தவிடும் எள்ளுப் புண்ணாக்கும்.
மற்றதுக்கு நாங்கள் கொடுத்த குருணைத் தீன்,
மூட்டைக்கு மூட்டை கையெழுத்து வாங்கி.

தோலுரித்து, முள் விலக்கி,
துண்டு ஒவ்வொன்றும் நூற்றிருபது கிராம்.
பாதி வெறும் ஐஸில்.
பாதி, காற்றை உறிஞ்சி ஒட்டிய பையில்.

முதல் நாள் அவித்து வைத்தோம்,
உப்புக்கூடப் போடாமல்.
ருசி பார்க்க ஏழு பேர், டிரைவர் சூசைதாசன் உட்பட.
இரண்டாம் குளம் வென்றது.
"நெய் விட்ட மாதிரி" என்று
புள்ளிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தார் சூசைதாசன்.

ஐந்தாம் நாள் விரலால் அமத்தினேன்.
முதற்குளத்துச் சதை மெல்ல எழும்பி நிரவியது.
இரண்டாவதில் என் விரல் குழியாகவே கிடந்தது,
அதைச் சுற்றித் தண்ணீர்.

இன்று ஒன்பது.
ஐஸில் கிடந்த இரண்டாம் குளத்துத் துண்டில்
அடுப்படி மூலையில் மறந்துபோன
எண்ணெய்ப் போத்தலின் மணம்.
எங்கள் தீனில் இவ்வளவு கொழுப்பு ஏறாது.

போன் எடுத்தேன்.
மழை என்றார் முதலில்.
பிறகு தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
"மோட்டர் எரிஞ்சு போச்சு பிள்ளை.
தண்ணி ஓடாட்டி ஒண்டும் மிஞ்சாது.
தீன் மூட்டையை வித்துத்தான் கட்டினனான்.
பேக்கரியில மிஞ்சின பாண் போட்டன்.
நல்லாத்தான் திண்டுதுகள்."

நல்லாத்தான் தின்றிருக்கின்றன.
வயிற்றோரம் விரற்கடை அகலத்துக்கு வெள்ளை.

மீன் பொய் சொல்லாது என்றாள் ரிஸ்மியா.
முதல் நாள் சொன்னதே, என்றேன்,
ஏழு பேரும் கேட்டு நம்பினோமே.

படிவத்தில் ஒரு கட்டம்: தீன் வகை.
உள்ளதை எழுதினால்
அடுத்த போகத்துப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.
எழுதாவிட்டால்
நல்ல தீன்தான் மீனைக் கெடுத்தது என்றாகும்.

பாண், பழையது, என்று எழுதினேன்.
மோட்டருக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், எழுத்தைச் சின்னதாக்கி,
ஆனி பதினாலு, மோட்டர் எரிந்தது,
மீன் ஒன்றும் சாகவில்லை.

கறண்ட் வந்தது.
பையில் ஒட்டிய முதற்குளத்துத் துண்டு
இன்னும் இறுக்கமாக, மணமில்லாமல்.
மிஞ்சிய இரண்டை ரிஸ்மியா கேட்டு வாங்கினாள்,
இரவுக்குப் புளியாணம் வைக்க.
வீட்டுக்காரர் குளத்து மீன் தொடமாட்டாராம்.
"பாரைக் குஞ்சு எண்டு சொல்லப்போறன்.
எத்தனை புள்ளி போடுறார் பாப்பம்."