ஊதாக் கட்டம்

திங்கட்கிழமை, காலை எட்டே கால்.
ஸ்டீயரிங் மேல் வரைபடத்தை விரிக்கிறேன்.
சனிக்கிழமை மூன்று ஐந்துக்கும் மூன்று இருபத்தொன்றுக்கும் நடுவே
லிம் சூ காங்கில் கல்மழை என்கிறது ராடார்.
மஞ்சள் என்றால் பட்டாணி அளவு.
இளஞ்சிவப்பு, பத்துக் காசு.
ஊதா என்றால் எனக்கு மதியச் சாப்பாடு இல்லை.

ஆலி என்றொரு பழைய சொல் நம்மிடம் உண்டு.
இந்தத் தீவில் அதற்கு வேலை அனுமதி
பதினாறு நிமிடம்.

கற்றை சாங்கியில் புறப்படுகிறது.
இவ்வளவு தூரம் வருவதற்குள்
அரைக் கிலோமீட்டர் உயர்ந்துவிடும்.
அதற்குத் தெரிவது மேகத்தின் வயிறு மட்டும்.
வயிற்றில் இருந்தது தரைக்கு வந்ததா
வழியிலேயே தண்ணீராகிப் போனதா
என்று பார்த்துச் சொல்லத்தான்
காப்புறுதிக் கம்பெனி என்னை வைத்திருக்கிறது,
ஒரு டார்ச்சும் சுண்ணக்கட்டியும் கொடுத்து.

ஊதாவின் நட்டநடுவே ஒரு மீன் பண்ணை.
தகரக் கூரையில் ஏறி
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
உள்ளங்கையால் தடவினேன்.
ஒரு குழி இல்லை.
"மழைதானே" என்றார் காவலர் ஜைலானி.
"கல்லா?"
என் பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது, எந்த நிறமும் இல்லாத இடத்தில்
ஒருவர் கைகாட்டி வண்டியை நிறுத்தினார்.
கீரைப் பண்ணை மொஃபிசுல்.
வலைக்கூரை கந்தல்.
காய்லான் இலைகளை யாரோ
பஞ்ச் மெஷினில் விட்டு எடுத்தது போல.
பிளாஸ்டிக் தகட்டில் சுண்ணத்தால் வட்டமிட்டேன்,
முப்பத்தொன்பதில் சுண்ணம் தீர்ந்தது.

"கட்டத்துக்கு வெளியே" என்றாள் ஷு ஹுவி போனில்.
காற்று தள்ளியிருக்கும் என்றேன்.
"எண்ணூறு மீட்டரா?"
கல் நேராகத்தான் விழ வேண்டும் என்று
அதனிடம் யாரும் சொல்லவில்லை என்றேன்.
கீபோர்டு சத்தம்.
"விட்டம் வேண்டும். மில்லிமீட்டரில்."

மொஃபிசுல் உறைபெட்டியைத் திறந்தார்.
இறால் பொட்டலங்களுக்கு அடியில் ஒரு பை.
பொறுக்கியவை ஏழு.
இரண்டு நாளில் ஒட்டிக்கொண்டு
ஒரே கட்டி, மூக்கும் முழியும் இல்லாமல்.

அளவுகோலை வைத்தேன். எடுத்தேன்.
பிறகு காய்லான் நிறுக்கும் தராசைக் கேட்டேன்.
பை போக இருபத்தொரு கிராம்.
ஏழால் வகுத்தால் மூன்று.
மூன்று கிராம் பனிக்கட்டியை உருட்டினால்
பதினெட்டரை மில்லிமீட்டர், அச்சாகப் பத்துக் காசு.

ஆனால் ஏழுதானா?
ஆறென்றால் கணக்கு வேறு, எட்டென்றால் வேறு.

அவர் விரல் மடக்கினார்.
குழாயடியில் இரண்டு.
செருப்புத் தட்டில் ஒன்று.
லாரிக்குக் கீழே மூன்று, குனிந்து எடுத்தது.

ஏழாவது?

சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைக் காட்டினார்.
என்னையறியாமல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
ஊதா.
ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

"பையை உள்ளே வைக்கட்டுமா, மேடம்?
கரையுது."